உஷார்! பாட்டி காலத்துப் பீங்கானில் புளிக்கறி ஊற்றாதீர்கள்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் வீட்டு அலமாரியில் பழைய இங்கிலாந்துப் பீங்கான் வைத்திருப்பவர்கள் முதலில் ஒரு காரியம் செய்யுங்கள். நீலப் பூப்போட்ட அந்த நீள்வட்டத் தாம்பாளத்தையும், மூடி போட்ட குழம்புக் கிண்ணத்தையும், மூக்கு வைத்த சாறு ஊற்றியையும் அடுக்களையிலிருந்து எடுத்து வேறிடத்தில் வையுங்கள். அவற்றில் இனி சாப்பாடு வேண்டாம். புளி, எலுமிச்சை, தயிர், வினிகர் சேர்ந்த எதுவும் வேண்டவே வேண்டாம்.

காரணம் ஈயம். பாத்திரக் கடைக்காரர் பூசும் வெள்ளீயம் அல்ல. நரம்பையும் மூளையையும் கெடுக்கிற காரீயம். 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துப் பீங்கானின் கண்ணாடிப் பளபளப்புக்குப் பெரும்பாலும் அதுதான் காரணம்.

பழைய சாமான்களின் மேல் ஆசை இப்போது நம் பக்கம் திரும்பியிருக்கிறது. இடித்த வீட்டின் தேக்குக் கதவு, உருளி, கோளாம்பி வரிசையில் பீங்கானும் சேர்ந்துவிட்டது. அலமாரியில் வைத்து அழகு பார்ப்பதோடு நின்றால் பாதகமில்லை. கிறிஸ்துமஸ் விருந்துக்கு எடுத்து மேசையில் வைக்கிறார்கள். அடியந்திரத்துக்கு வந்தவர்கள் பார்க்கட்டும் என்று இஞ்சிக்கறி வைக்கிறார்கள். போட்டோவுக்கு அழகாக இருக்கிறது என்று மீன் புளிமுளத்தை அதில் ஊற்றிச் சிறு பிள்ளைகளுக்கும் பரிமாறுகிறார்கள். இதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

நம் வீட்டுக்கு இது வந்த வழி

பீங்கான் நமக்குப் புதிதல்ல. பத்மநாபபுரம் அரண்மனையில் பெரிய சீனப் பரணிகளை இன்றும் பார்க்கலாம். இங்கிலாந்துச் சாமான் அதற்குப் பின்னால் வந்தது. 1806இல் ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்து லண்டன் மிஷன் வேலையைத் தொடங்கினார். 1818இல் வந்த சார்லஸ் மீட் அதன் தலைமையிடத்தை நாகர்கோவிலுக்கு மாற்றினார். 1838இல் நெய்யூரில் மருத்துவப் பணி ஆரம்பமானது. அசம்பு மலையில் வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள் காப்பி பயிரிட்டார்கள். இப்படி வந்தவர்களின் வீட்டுச் சாப்பாட்டு மேசையோடு தட்டும் தாம்பாளமும் வந்தன. ஊர் மாறிப் போகும்போது வீட்டுச் சாமான்களை ஏலம் போட்டுவிட்டுப் போவது அந்நாளில் வெள்ளைக்காரர்களிடம் வழக்கம். அந்த ஏலத்தில் எடுத்தவை நம் பாட்டா, ஆச்சி காலத்து அலமாரிக்கு வந்து சேர்ந்தன. நம் மாவட்டத்திலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போனவர்களும் ஊர் திரும்பும்போது இரண்டு வசி, நாலு கோப்பை கொண்டுவந்தார்கள்.

ஆகவே நம் வீடுகளில் உண்மையான பழைய பீங்கான் இருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. போலித் தட்டில் பணம் மட்டும்தான் போகும். உண்மையான பழைய தட்டில் சாப்பிட்டால் உடம்பு கெடும்.

ஈயம் எப்படி வயிற்றுக்குள் போகிறது?

சுட்ட மண் தண்ணீரை உறிஞ்சும். அதைத் தடுக்க மேலே கண்ணாடி போன்ற மெருகு பூசிச் சூளையில் சுடுவார்கள். மெருகுக் கலவையில் ஈய ஆக்ஸைடு சேர்த்தால் குறைந்த சூட்டிலேயே உருகும், வழுவழுப்பாகப் படியும், பளபளக்கும். இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட்ஷயர் பகுதிச் சூளைகள் இந்த முறையில்தான் உலகத்துக்கே தட்டு செய்து அனுப்பின.

அதற்கு முதலில் விலை கொடுத்தவர்கள் அங்கே வேலை செய்தவர்கள். மெருகுத் தொட்டியில் தட்டை முக்கி எடுத்த ஆண்களும் பெண்களும் கை விழுந்து, வலிப்பு வந்து செத்திருக்கிறார்கள். பெண்களுக்குக் கரு கலைந்தது. தார்ப், ஆலிவர் என்ற இரண்டு பேராசிரியர்கள் இதை ஆராய்ந்து 1899இல் பிரிட்டிஷ் அரசுக்கு அறிக்கை கொடுத்தார்கள். ஈயம் இல்லாமலே பெரும்பாலான சாமான்களைச் செய்யலாம், சேர்த்தே ஆகவேண்டும் என்றால் எளிதில் கரையாதபடி முன்கூட்டியே உருக்கிச் சேர்க்க வேண்டும் என்பது அவர்கள் சொன்னது. அப்படியும் முன்கூட்டி உருக்காத பச்சை ஈய மெருகைத் தொழிற்சாலைகளிலிருந்து முழுதாக விலக்கிய விதி 1947இல்தான் வந்தது. நம் அலமாரியில் இருக்கும் தட்டின் வயதை இந்த இரண்டு ஆண்டுகளோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மெருகில் இருக்கும் ஈயம் புளிப்பு பட்டால் கரையும். சூடும் சேர்ந்தால் இன்னும் வேகமாகக் கரையும். உணவு அதிலேயே ராத்திரி முழுக்க இருந்தால் இன்னும் அதிகம். புளி, சூடு, நேரம் மூன்றும் சேருவது நம் சமையலில்தான். கொதிக்கக் கொதிக்க ஊற்றிய உள்ளித்தீயல், மறுநாளைக்கென்று மூடி வைத்த மீன் குழம்பு, புளிசேரி, மாதக்கணக்கில் ஊறும் நார்த்தங்காய் எல்லாமே இந்த வகை. வெள்ளைக்காரன் அந்தத் தாம்பாளத்தில் வைத்தது பெரும்பாலும் வறுத்த இறைச்சி. அவனுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்பதில் அர்த்தமில்லை.

மெருகுக்கு மேலே கையால் தீட்டிய சிவப்பு, மஞ்சள், பச்சைப் பூக்கள் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். அந்த நிறங்களைக் குறைந்த சூட்டில்தான் சுடுவார்கள். அதனால் ஈயமும் சில நேரம் காட்மியமும் எளிதாக வெளியே வரும். விரலால் தடவினால் பூ மேடாகத் தட்டுப்பட்டால் அது மெருகுக்கு மேலே தீட்டியது.

அடுத்து வெடிப்பு. பழைய தாம்பாளத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள். மெருகுக்குள் தலைமுடி போல மெல்லிய கோடுகள் வலைப்பின்னலாக ஓடும். சில இடத்தில் அந்தக் கோடு பழுப்பேறி இருக்கும். பல வருஷ எண்ணெயும் குழம்பும் கோடு வழியாக உள்மண்ணுக்குள் இறங்கியதன் அடையாளம் அது. அடுப்பு அருகே சூடேறினால் அந்த இடத்தில் பழைய எண்ணெய் பிசுபிசுத்துக் கசிவதும் உண்டு. அழுக்கு உள்ளே போகும் வழியில் கிருமியும் போகும். எத்தனை தடவை சோப்புப் போட்டாலும் அது வெளியே வராது.

காரீயத்துக்கு ருசியும் கிடையாது, மணமும் கிடையாது. சாப்பிட்ட அன்றே வாந்தி, வயிற்றுப்போக்கு என்று காட்டிக்கொடுக்காது. எலும்பில் சேர்ந்து பல வருஷம் தங்கும். பெரியவர்களுக்கு ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு வரும். கர்ப்பிணியின் உடம்பிலிருந்து வயிற்றுப் பிள்ளைக்கும் போகும். பெரிய சேதம் சின்னப் பிள்ளைகளுக்குத்தான். படிப்பில் மந்தம், கவனச் சிதறல், முன்கோபம் என்று அது மூளையில் வேலை செய்யும். போன அறிவு திரும்பக் கிடைக்காது. ரத்தத்தில் இவ்வளவு ஈயம் இருந்தால் பரவாயில்லை என்று சொல்லும்படியான அளவே கிடையாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலை.

‘எங்க ஆச்சி அதிலதான் சாப்பிட்டா, தொண்ணூறு வயசு இருந்தா’ என்பார்கள். ஆச்சிக்கு இருந்த மூட்டுவலிக்கும் தலைசுற்றலுக்கும் யாரும் ரத்தம் எடுத்து ஈயம் பார்க்கவில்லை. ஒருவர் தப்பியதை வைத்துப் பேரப்பிள்ளையின் தட்டை முடிவு செய்யக் கூடாது.

கடையில் கிடைக்கும் நிறம் மாறும் குச்சிச் சோதனையை நம்பி முடிவெடுக்காதீர்கள். குறைந்த அளவில் கரையும் ஈயத்தை அது தவறவிடலாம். வெந்நீரில் கொதிக்க வைத்தாலும் வினிகரில் ஊறப்போட்டாலும் ஈயம் தீர்ந்துவிடாது. மெருகு அரித்து, ஈயம் இன்னும் கசியக்கூடும். அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் சோதிக்காத பழைய பீங்கான் எதுவானாலும் சாப்பாட்டுக்கு ஆகாது. ஊறுகாய் போட்ட பழைய பரணிக்கும் இதுவே பொருந்தும்.

ஏற்கெனவே அடிக்கடி அதில் சாப்பிட்ட குழந்தையோ கர்ப்பிணியோ வீட்டில் இருந்தால் டாக்டரிடம் விஷயத்தைச் சொல்லுங்கள். ரத்தத்தில் ஈய அளவு பார்க்கத் தனிச் சோதனை இருக்கிறது. வழக்கமான ரத்தச் சோதனையில் அது தெரியாது. கேட்டுத்தான் எடுக்க வேண்டும்.

‘கொட்டாரத்துச் சாமான் அண்ணாச்சி!’

இனி வாங்குகிறவர்களுக்கு. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருப்பது பலருக்குத் தெரியும். நம் ஊரிலிருந்தும் போய் வாங்கி வருகிறார்கள். வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி விற்பவர்களும் உண்டு. நேர்மையான வியாபாரிகள் இருக்கிறார்கள். ஆனால் இந்த ஒரு பேச்சைக் கேட்டால் கையைச் சட்டைப்பையிலிருந்து எடுங்கள்: “அண்ணாச்சி, இது திருவிதாங்கூர் கொட்டாரத்துச் சாமான். விக்டோரியா ராணி கொடுத்தது. பின்னால முத்திரையப் பாருங்க, சிங்கமும் குதிரையும் இருக்கு.”

சிங்கமும் ஒற்றைக்கொம்புக் குதிரையும் சேர்ந்த அரச முத்திரையை 19ஆம் நூற்றாண்டில் எத்தனையோ சாதாரணக் கம்பெனிகள் தங்கள் தட்டின் பின்னால் போட்டுக்கொண்டன. அதற்கும் அரண்மனைக்கும் ஒரு தொடர்பும் இல்லை. அதே முத்திரையோடு ‘விக்டோரியா வேர் அயன்ஸ்டோன்’ என்று அச்சடித்த நீலத் தட்டுகள் புதிதாகச் செய்து உலகம் முழுவதும் பழையவை என்று விற்கப்படுகின்றன. அந்தப் பெயர் பார்த்தால் வாங்காதீர்கள்.

பின்பக்க முத்திரையைப் படிக்கச் சில கணக்குகள் இருக்கின்றன. சாய்சதுரக் கட்டத்துக்குள் எழுத்தும் எண்ணும் இருந்தால் அந்த டிசைன் 1842க்கும் 1883க்கும் இடையில் பதிவானது. 1884 முதல் அதற்குப் பதிலாக வரிசை எண் வந்தது. வெறும் ‘இங்கிலாந்து’ என்று மட்டும் போட்டிருந்தால் பெரும்பாலும் 1891க்குப் பிற்பட்டது. அமெரிக்காவின் சுங்கச் சட்டம் நாட்டின் பெயரைக் கேட்டதால் அது எல்லாத் தட்டிலும் ஏறியது. ‘மேட் இன் இங்கிலாந்து’ என்றிருந்தால் பொதுவாக 20ஆம் நூற்றாண்டுச் சரக்கு. ‘மைக்ரோவேவ் சேஃப்’ என்ற எழுத்தைச் சுரண்டிவிட்டு 150 வருஷப் பழசு என்று சொன்னால் அது மோசடி. பின்பக்கம் ஒரு இடம் மட்டும் மெருகு போய்ச் சொரசொரப்பாக இருந்தால் எதைச் சுரண்டினார்கள் என்று கேளுங்கள்.

இன்னொரு பொறி, முத்திரையில் இருக்கும் ஆண்டு. ஸ்போட் கம்பெனியின் புகழ்பெற்ற ‘புளூ இத்தாலியன்’ டிசைன் 1816இல் வந்தது. சமீபத்தில் செய்த தட்டிலும் அந்த ஆண்டைப் போடுகிறார்கள். அது டிசைன் பிறந்த ஆண்டு. உங்கள் கையில் இருக்கும் தட்டு பிறந்த ஆண்டு அல்ல. கம்பெனி தொடங்கிய ஆண்டைப் போடுவதும் அப்படித்தான். மேலும், கிழக்கு நாடுகளின் சந்தைக்காகவே ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவிலும் ஹாலந்தின் மாஸ்ட்ரிக்டிலும் ஏராளமான தட்டுகள் செய்தார்கள். நீலப் பூ இருந்தாலே இங்கிலாந்து என்று சொல்லி விற்றால் அப்படியே ஏற்காதீர்கள்.

உண்மையான பழைய அச்சுத் தட்டைக் கண்டுபிடிக்கக் கண்ணே போதும். செப்புத் தகட்டில் செதுக்கிய படத்தை மெல்லிய காகிதத்தில் எடுத்து, பெண்கள் கையால் தட்டில் ஒட்டினார்கள். ஓரத்துப் பூவேலை ஒரு சுற்றுச் சுற்றி முடியும் இடத்தில் பூவும் இலையும் சரியாகப் பொருந்தாமல் வெட்டுப்பட்டு நிற்கும். அந்த ஒட்டு எங்கே என்று தேடுங்கள். பின்பக்க விளிம்பில் மூன்று மூன்றாகச் சிறு புள்ளித் தழும்பு இருக்கும். சூளையில் ஒன்றின்மேல் ஒன்று ஒட்டாமல் தாங்க வைத்த முட்டின் அடையாளம் அது. உள்பக்கத்தில் கத்திக் கீறல் தாறுமாறாக ஓடும். கீறல் எல்லாம் ஒரே திசையில், ஒரே ஆழத்தில் இருந்தால் யாரோ உப்புத்தாள் தேய்த்திருக்கிறார்கள்.

விரிசலை மறைத்து விற்பது அடுத்த வேலை. தட்டை உள்ளங்கையில் ஏந்தி விரல் நகத்தால் சுண்டுங்கள். முழுத் தட்டு மணி போல ஒலிக்கும். விரிசல் விட்டது மழுங்கிச் சத்தம் போடும். பசை வைத்து ஒட்டிப் பெயின்ட் அடித்த இடம், ரூபாய் நோட்டுப் பார்க்கும் புற ஊதா விளக்கில் வேறு நிறம் காட்டும். முன்பணம் கொடுக்கும் முன் பின்பக்கம், விளிம்பு, மூடியின் உள்பக்கம் மூன்றையும் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். ‘படம் நல்லா இருக்கு’ என்று போனில் பணம் அனுப்பாதீர்கள்.

வீட்டு வாசலில் வருகிறவர்

இது தனியாக இருக்கும் வயதானவர்களுக்கு. “பாட்டி, இது வெடிச்சுப் போச்சு, ஒண்ணுக்கும் ஆவாது. ரெண்டு எவர்சில்வர் போணி தாறேன்” என்று சொல்லி வாங்கிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. மகனும் மகளும் வெளிநாட்டில். வீட்டுச் சாமானின் மதிப்பு பாட்டிக்குத் தெரியாது. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட பழம்பொருளை வாங்கி விற்கும் தொழிலுக்கு மத்திய அரசின் உரிமம் வேண்டும். வாசலில் வருகிறவரிடம் உரிமமும் ரசீதும் கேளுங்கள். கேட்டாலே பலர் திரும்பிப் பார்க்காமல் போவார்கள்.

விமானத்தில் ஏற்றும் முன்

நம் மாவட்டத்தில் வளைகுடாவிலோ லண்டனிலோ ஆள் இல்லாத தெரு குறைவு. விடுமுறைக்கு வருகிற பிள்ளைகள் ‘ஆச்சியோட ஞாபகம்’ என்று தாம்பாளத்தைத் துணியில் சுற்றித் திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குக் கொண்டுபோகிறார்கள். பழம்பொருள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டம் 1972இல் இயற்றப்பட்டு 1976 ஏப்ரல் 5 முதல் அமலில் இருக்கிறது. கைவினைப் படைப்பாக இருந்து நூறு வருஷம் தாண்டிவிட்டால் அது பழம்பொருள். அதைத் தனியார் நாட்டை விட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது. மீறினால் ஆறு மாதத்துக்குக் குறையாமல் மூன்று வருஷம் வரை சிறை, கூடவே அபராதம்.

இங்கிலாந்தில் செய்ததை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனால் என்ன என்று வாதாடாதீர்கள். எந்த நாட்டில் செய்தது என்று பார்த்து விலக்குக் கொடுக்கும் வாசகம் அந்த வரையறையில் இல்லை. 1920களில் செய்த சாமான் ஒவ்வொரு வருஷமும் நூறைத் தாண்டி இந்த வரம்புக்குள் வந்துகொண்டிருக்கிறது. வயதில் சந்தேகம் இருந்தால் இந்தியத் தொல்லியல் துறையிடம் காட்டி, இது பழம்பொருள் அல்ல என்ற சான்றிதழ் வாங்கிய பிறகே பெட்டியில் வையுங்கள். நூறு தாண்டியது என்றால் அது இங்கேயே இருக்கட்டும்.

பார்க்க வைப்பதிலும் கவனம்

சுவரில் மாட்ட ஸ்பிரிங் கம்பி வாங்காதீர்கள். குளச்சல், முட்டம், கன்னியாகுமரி பக்கத்து உப்புக்காற்றில் இரும்புக் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். துரு வெடிப்புக் கோட்டுக்குள் இறங்கிக் கறையாகும். இறுக்கம் தாங்காமல் விளிம்பும் தெறிக்கும். நம் பக்கம் இரண்டு மழைக்காலமும் பெய்கிறது. ஈரம் ஏறிய பழைய சுண்ணாம்புச் சுவரில் ஆணி தளரும். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வந்து முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றும் காற்று, திறந்த வராந்தாவில் தொங்கும் தட்டைச் சும்மா விடாது. தட்டு போனால் போகட்டும். கீழே விளையாடும் பிள்ளையின் தலை?

கண்ணாடிக் கதவு போட்ட மர அலமாரியில், பள்ளம் வெட்டிய பலகையில் சாய்த்து வையுங்கள். ஒன்றின்மேல் ஒன்று அடுக்கினால் நடுவே துணி போடுங்கள். ஸ்கிரப்பர், பாத்திரப் பவுடர் எதுவும் தொடக் கூடாது. பிளீச்சிங் பவுடரில் ஊறப்போட்டால் கறை அன்றைக்கு வெளுக்கும். பிறகு உள்ளே இறங்கிய உப்பு பூத்து மெருகைச் செதில் செதிலாகத் தள்ளும். வெதுவெதுப்பான தண்ணீர், லேசான சோப்பு, மெல்லிய துணி போதும். துடைத்த துணியை வீட்டுப் பாத்திரத்துக்குப் பயன்படுத்தாதீர்கள். உடைந்தால் துகளைக் கையால் அள்ளாமல் ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள்.

இன்றே செய்யுங்கள்

ஒவ்வொரு தட்டின் பின்னாலும் ‘பார்க்க மட்டும், பரிமாற அல்ல’ என்று தாளில் எழுதி, மெருகில் பசை படாமல் நூலால் கட்டுங்கள். நீங்கள் இல்லாத நாளில் மருமகளோ வேலைக்கு வரும் அக்காவோ அதை எடுத்துக் குழம்பு ஊற்றக் கூடாது. முன்பக்கம், பின்பக்கம் படம் எடுத்து, யாரிடமிருந்து வந்தது, எந்த வருஷம் என்று நோட்டில் குறித்து வையுங்கள். திருட்டுப் போனாலும், சட்டம் கேட்டாலும், பிள்ளைகள் பங்கு பிரித்தாலும் அந்த நோட்டு பேசும்.

குடும்பத்தின் கதையைச் சொல்லும் பொருளைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அலமாரியில் பெருமையாக வையுங்கள், வருகிறவர்களுக்குக் காட்டுங்கள். குழம்பு சுங்கான்கடைச் சட்டியில் கொதிக்கட்டும், எவர்சில்வர் கிண்ணத்தில் பரிமாறுங்கள். இதைப் படித்து முடித்ததும் வீட்டு அலமாரியைத் திறந்து பாருங்கள். பக்கத்து வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அவர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.